போதம் உண்டோ

சூரியநெல்லி அங்கன்வாடி டீச்சருக்கு,

இந்த வாரம் எங்கள் பள்ளிக்கூட வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். முதலமடையில் இப்போது மாங்காய் சீசன். லாரிகள் போகிற வேகத்தில் அது ஓயாமல் படபடத்துக்கொண்டிருந்தது. 'லஹரி விருத்த போதவல்க்கரணம்' என்று மலையாளத்தில் கொட்டை எழுத்து. போதைப்பொருளுக்கு எதிரான விழிப்புணர்வு என்று அர்த்தம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்: "ஏனுங் டீச்சர், போதைக்கெல்லாம் எதுக்குங்க கிளாசு? அதுகளே கத்துக்கிட்டுத்தானுங்க இருக்குதுக."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் திரும்பினேன். இந்த மாதிரி நேரத்தில் நீ என் விலாவில் ஒரு இடி இடிப்பாய். அந்த இடத்தில் மாங்காய்க் கூடை இரண்டு இருந்தது.

உயிரோடு இருந்தவரை உன்னை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக்கூட 'சாப்பிடுங்க கண்ணு' என்போம். அது நாக்கின் பழக்கம், நான் என்ன செய்ய? உனக்கு அது பொறுக்காது. "ஏட்டி, என்ன எப்பப் பாத்தாலும் ஏனுங்க, ஏனுங்க? பொண்ணு பாக்க வந்தவ மாதிரி" என்பாய். ஒரு தடவையாவது 'நீ' என்று சொல்லிவிடு என்று கெஞ்சியும் பார்த்தாய். வாயில் வரவே இல்லை. இப்போது எழுத்தில் வருகிறது. இதையாவது நீ கேட்டுச் சிரிப்பாயா என்று இருக்கிறது.

பாலக்காட்டுக்காரியான எனக்கு முதல் வேலை உங்கள் மலையில் கிடைத்தது. தமிழ் மீடியம் பள்ளிக்கூடம், பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் மைதானம். உன் அங்கன்வாடி அதற்கு நேர் கீழே, தேயிலைச் சரிவில். மத்தியானம் என் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அங்கே இறங்கி வந்துவிடுவேன். குழந்தைகள் தூங்கும். நீயும் நானும் அந்தக் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து சாப்பிடுவோம். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயங்களில் நீ தூக்கி வளர்க்காத பிள்ளை கிடையாது. மீசை முளைத்த பையன் எவனாவது ரோட்டில் பீடியோடு நின்றால், உன்னைக் கண்டதும் கை முதுகுக்குப் பின்னால் போகும். "எங்கையால உப்புமா தின்னவந்தான்" என்று நீ சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடப்பாய். பீடி அணைகிற வரைக்கும் சொல்வாய்.

பள்ளியில் போதை ஒழிப்பு கிளப் ஒன்று தொடங்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தபோது, புதிதாக வந்தவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது. முதல் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். திரையில் படம் படமாகப் போட்டார். மாத்திரை, பொடி, ஸ்டாம்பு, ஒவ்வொன்றுக்கும் பெயர், தெருவில் அதற்கு என்ன பட்டப்பெயர், எல்லாம் இருந்தது. கடைசி பெஞ்சுப் பையன்கள் வெளியே போகும்போது அந்தப் பெயர்களை கிரிக்கெட்காரர்களின் பெயர் மாதிரி ஒப்பித்துக்கொண்டு போனார்கள். பின்னால் நின்று பார்த்த நீ என் காதில் சொன்னாய்: "மெனு கார்டு காட்டிட்டுல்ல போறாரு."

அடுத்ததை நாமே நடத்துவது என்று முடிவாயிற்று. எஸ்டேட் கிளப் சுவரில் நோட்டீஸ் ஒட்டினோம், பஞ்சாயத்தில் கொடுத்த மலையாள நோட்டீஸ். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை. லயத்தில் போய் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை நோட்டீஸை எழுத்துக் கூட்டி 'போதவல்க்கரணம்' என்று உரக்கப் படித்திருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் காற்றோடு போய், 'போத' மட்டும் எல்லார் காதிலும் நின்றுவிட்டது. "போதைக்குக் கிளாஸ் வைக்காகளாம்" என்று லயம் முழுக்கப் பேச்சு. கொழுந்து கிள்ளிவிட்டு வந்த ஒரு அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு உன்னிடமே சண்டைக்கு வந்தாள்: "எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன். வீட்டுல அவுகப்பா நடத்துற கிளாசே போதும்."

நாம் இருவரும் வாய்க்காலோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு நீ எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, ஒவ்வொரு வாசலாகப் போனாய். "ஏட்டி, நமக்குப் போதைன்னா ஏறுறது. அவுகளுக்குப் போதம்னா தெளியுறது. புத்தி, நெனவு. நேர் எதிரு" என்று ஒவ்வொரு வீட்டிலும் விளக்கினாய். அடுத்த ஞாயிறு கிளப்பில் உட்கார இடமில்லை. உன் மகன் மணிகண்டன்கூட வந்திருந்தான். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான் அப்போது. நிலைக்கதவில் தலை இடிக்கிற உயரம். அம்மா மைக் பிடிப்பதைப் பார்த்து வெட்கப்பட்டு, பக்கத்துப் பையனின் முதுகுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

மணி சனி ஞாயிறுகளில் மலைமேல் டென்ட் கேம்புக்கு வேலைக்குப் போவான். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களுக்கு மூட்டை தூக்குவது, விறகு மூட்டுவது, டீ போடுவது. முதல் மாதமே உனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கி வந்தான். வெயிலிலும் அதைக் கழற்றாமல் திரிந்தாயே, நான் எத்தனை கேலி செய்திருப்பேன். திங்கட்கிழமை முழுக்க அவன் தூங்கினால் "குளிர்ல முழிச்சுக் கெடந்திருக்கான், பாவம்" என்பாய். சாப்பாடு இறங்கவில்லை என்றால் கேம்ப் சாப்பாட்டைத் திட்டுவாய். ஊர்ப் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறவள் நீ. உன் பிள்ளையின் கண்ணில் தூக்கத்தை மட்டும்தான் பார்த்தாய். எந்த அம்மாவும் அதைத்தான் பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே முதலமடையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். ராத்திரிப் பந்தியில் உட்காரும்போது மணி போய்விட்டான் என்று போன் வந்தது. இலையை மடக்காமல் அப்படியே எழுந்தேன். மறுநாள் சாயங்காலம் நான் மலை ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, உன் வாசலில் போட்டிருந்த பந்தலையும் பிரித்திருந்தார்கள். காரியம் எல்லாம் முடிந்து பிறகொரு மத்தியானம், குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க, நீயாகவே ஆரம்பித்தாய்.

"காலைல கேம்ப்ல இருந்து வந்து படுத்தான். சோறு திங்க எழுப்புதேன், எந்திரிக்கல. ஜீப்புல என் மடியிலதான் கெடந்தான். மூச்சு கொர்ருன்னு இழுத்துச்சு. ஆஸ்பத்திரியில எறக்குனதும் டாக்டர் ஓடி வந்தாரு. கொண்டு வரும்போள் போதம் உண்டாயிருந்நோன்னு கேட்டாரு. நான் சொன்னேன், இல்ல டாக்டர், சத்தியமா இல்ல, எம்பிள்ளைக்கு அந்தப் பழக்கமே கெடையாதுன்னு."

நான் உன் கையைப் பிடித்தேன். நீ விடுவித்துக்கொண்டாய்.

"அவரு கேட்டது நெனவு இருந்துச்சான்னு. எங்காதுல விழுந்தது வேற. எனக்கு மலையாளம் தெரியாதாட்டி? பொறந்ததுல இருந்து கேக்குற பேச்சு. ஊருக்கெல்லாம் வெளக்கம் சொன்னவ நான்தானே?"

உனக்கு மலையாளம் தெரியும். உனக்குள்ளே ஒரு மூலையில் அந்தக் கேள்விக்காக நீ பயந்துகொண்டு இருந்திருக்கிறாய். பயந்த கேள்வியே வந்துவிட்டது என்று காது நினைத்துக்கொண்டது. இதை நான் அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

டாக்டர் மறுபடியும் தெளிவாகவே கேட்டாராம், மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டானா என்று. ஒரு தடவை சத்தியம் பண்ணியாகிவிட்டது. சுற்றி உன் கொழுந்தன் வீட்டார், ஜீப்பில் கூட வந்தவர்கள், எல்லாரும் நின்றார்கள். "சோறு ஒத்துக்கலன்னேன். வலிப்புன்னேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்" என்றாய். வெகுநேரம் கழித்துக் கேம்பில் கூட வேலை செய்த பையன் ஒருவன் அழுதுகொண்டே வந்து, யாரோ கொடுத்த மாத்திரை அட்டையை நீட்டியிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு டாக்டர், கொஞ்சம் முன்னமே தெரிந்திருந்தால் மாற்று மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றாராம். "பாத்திருக்கலாம்னுதான் சொன்னாரு. பொழைச்சிருப்பான்னு சொல்லல" என்று நீ எனக்கு இரண்டு முறை சொன்னாய். நர்ஸ் ஒருத்திதான் உன்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னாளாம்: "அம்மே, ஸார் சோதிச்சது போதம் உண்டோ என்னல்லே." டாக்டர் கேட்டது நினைவு இருக்கிறதா என்றுதானே என்று அர்த்தம். அவள் நல்லவள், ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அந்தச் சொல்லோடுதான் நீ மிச்ச நாளெல்லாம் இருந்தாய்.

மழை விட்டதும் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே ஏறி வந்தாய். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "எனக்கு ஒரு கிளாஸ் போடுட்டி" என்றாய். உன் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிற மனுஷர், அதிகம் பேசாதவர். அவர் அன்றைக்கு உன்னிடம் கத்தினார். "செத்தவன ஏன் தெனமும் சாகடிக்க?" என்றார். அவர் கூட்டத்துக்கு உள்ளே ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும் வெளியே குடையோடு நிற்பார்.

நீ நடத்திய அந்த வகுப்பைப் போல வேறொன்றை நான் பார்த்ததில்லை. படம் இல்லை, உறுதிமொழி இல்லை. முதலில் பெரியவர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பாய்: உங்கள் பிள்ளைக்கு முதல் வாய் பிராந்தி ஊற்றிக் கொடுத்தது யார்? அப்புறம் நீயே பதில் சொல்வாய். "எம்மணிக்கு அவன் சித்தப்பன் கொடுத்தான், மாரியம்மன் கோயில் கொடையன்னைக்கு. ஏழாங்கிளாஸ். மூஞ்சியச் சுளிச்சான். நாங்க எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்." கூட்டத்தில் ஆண்கள் தரையைப் பார்ப்பார்கள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்புவாய். "தப்புப் பண்ணிட்டா எங்கிட்ட வந்து சொல்லு. திட்டுவேன், அடிக்கக்கூடச் செய்வேன். ஆனா தொரத்த மாட்டேன்."

அதன்பிறகு அந்தப் பயிற்சி. அங்கன்வாடியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது போலவே, அம்மாக்களை ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்துவாய். நீதான் டாக்டர். மூச்சுவிடாமல் மலையாளத்தில் கேட்பாய். 'போதம் உண்டோ' என்பதை வேகமாகச் சொன்னால் நடுவிலுள்ள 'ம்' தொண்டையிலேயே நின்றுபோகும், அப்படியேதான் கேட்பாய். "கேக்குறது போதமா போதையான்னு காது கொழம்பும். அதனால ரெண்டையும் சொல்லிருங்க. நெனவு இல்ல, மாத்திரை போட்டிருக்கான். இவ்வளவுதான். யாரு பக்கத்துல நின்னாலும் சொல்லிருங்க." முதலில் எழுந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாலைந்து பேர் சொல்லி முடித்த பிறகு சிரிப்பு நின்றுவிடும். ஒருத்திக்கு வாக்கியம் பாதியிலேயே உடைந்து அழுகை வந்துவிடும், அவளை நீ முழுதாகச் சொல்லும்வரை உட்கார விட மாட்டாய்.

ஏலப்பாறை பக்கம் ஒரு எஸ்டேட்டில் கூப்பிட்டிருந்தார்கள், பஸ் மாறி மாறிப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? நீ பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் எழுந்து, "உம்பிள்ளையக் காப்பாத்தத் தெரியாதவ எங்களுக்குச் சொல்ல வந்துட்ட" என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவளை நாலு வார்த்தை கேட்க நான் எழுந்தே விட்டேன். நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். "அதனாலதாம்மா வந்தேன்" என்று அவளிடம் சொன்னாய், கோபமே இல்லாமல். திரும்பி வருகிற பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாய்.

எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்ததும், உன் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்ததும் ஒரே வருஷத்தில். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது அந்தச் சிவப்பு ஸ்வெட்டருக்குள் நீ பாதியாக இருந்தாய். அப்போதும் என்னைச் சீண்டினாய். "ஒன் பேச்சுல சொன்னா யாருட்டி அழுவா? எல்லாத்தையும் மரியாதையால்ல சொல்லுவ." கொஞ்ச நேரம் கழித்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "எம்பிள்ளை பேரச் சொல்லு. ஒரு பையன்னு சொல்லாத. மணின்னு சொல்லு." அந்த மழைக்காலத்திலேயே நீ போய்விட்டாய். நான் வந்து பார்த்தேன், உனக்குத் தெரியாது.

சொல்கிறேன். போன வருஷம் இங்கே முதல் கூட்டத்திலேயே அவன் பெயரைச் சொன்னேன். உன்னளவுக்கு வரவில்லை. எனக்கு டாக்டர் மாதிரி வேகமாக மலையாளம் பேச வராது. ஆனாலும் எங்கள் ஊர்ப் பெண்களை எழுப்பி நிறுத்தி, 'நெனவு இல்லீங்க, மாத்திரை போட்டிருக்கானுங்க' என்று சொல்ல வைத்தேன். நீ பயந்தது போல மரியாதையாகத்தான் இருந்தது.

இந்த வாரம் இரண்டாவது கூட்டம். எல்லாரும் கலைந்த பிறகு ஒரு அம்மா மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாங்காய் பேக்கிங் ஷெட்டில் வேலை செய்கிறவள், கையில் மாம்பால் பட்ட கறுப்புத் தழும்பு. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"போன வருசம் சொல்லிக் குடுத்தீங்களே டீச்சர். ஓணம் லீவுல எம்பையன் மோட்டார் ரூம்புல உளுந்து கெடந்தானுங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் வந்து மலையாளத்துல என்னமோ கேட்டாருங்க. போதமா போதையான்னு எனக்கு ஒண்ணுமே வெளங்கலீங்க. நெனவு இல்லீங்க, மாத்திரை போட்டிருக்கானுங்கன்னு ரெண்டையும் சொல்லிப்போட்டனுங்க. மாமியா, நாத்தனா எல்லாரும் அங்கயேதான் நின்னுட்டிருந்தாங்க. பாத்தா பாக்கட்டும்னு சொல்லிப்போட்டனுங்க."

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். பிழைத்துக்கொண்டான். கவுன்சலிங்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறாளாம், வர மாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் சண்டையாம். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவளோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "பேசாட்டிப் போறானுங்க டீச்சர். ஊட்டுல இருக்கறானுங்க" என்றாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு சின்ன வாக்கியம் அது. ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. அதை மணிக்காகச் சொல்ல அன்றைக்கு அங்கே ஒருவரும் இல்லை.

கிளம்புகிறவள் வாசலில் திரும்பி நின்று கேட்டாள்: "அந்த மணியோட அம்மா எங்கிருக்கறாங்க டீச்சர்? அவிங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லோணுமுங்க. உங்க பையனாலதான் எம்பையன் இருக்கறான்னு."

உள்ளதைச் சொல்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற எனக்கு, அந்த ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. "சொல்லீர்றனுங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன்.